உன் கைக்குச் செதுக்கிய பிடி

அன்புள்ள மகராசிக்கு,

இங்கே யார் கேட்டாலும் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அங்கே மகள் வீட்டில் நீயும் அதையேதான் சொல்லிக்கொண்டிருப்பாய். இருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கட்டும்.

ஒன்பதாம் வகுப்பில் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் என்னிடம் கேட்ட கேள்வி உனக்கு நினைவிருக்கும். உராய்வு விசை நடத்திக்கொண்டிருந்தேன். சந்தேகம் என்று எழுந்து நின்றான். "சார், உங்க வீட்ல மேடம் துப்பாக்கி சுடுவாங்களாமே, உங்களுக்குப் பயமா இருக்காதா சார்?" என்றான். வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டது. "பயம்தான்டா. அதனாலதான் சமையல்ல உப்பு இல்லேன்னாகூட வாயைத் திறக்கறதில்லை" என்றேன். அன்று சாயங்காலம் உன்னிடம் சொன்னபோது நீ சிரிக்கவில்லை. "உப்பு என்னிக்குக் குறைஞ்சுது, முதல்ல அதைச் சொல்லுங்க" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாய்.

அந்தப் பையன் இன்றைக்குக் கேட்டால் வேறு பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஏனென்றால் உன்னிடம் சொல்லாமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். உன் துப்பாக்கிச் சங்கத்தில் பிஸ்டல் வகுப்பில் சேர்ந்து படித்துக்கொண்டிருக்கிறேன். சுடவும், கழற்றவும், துடைக்கவும், எண்ணெய் போடவும் சொல்லித்தருகிறார்கள். நீ சிரித்து முடித்த பிறகு மேலே படி.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனை எடுத்ததும் நீ ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிடுகிறாய். பேத்தி பாடுகிறாள். மகள் "மாத்திரை போட்டீங்களாப்பா" என்கிறாள். மாப்பிள்ளை எங்கோ தூரத்திலிருந்து வணக்கம் சொல்கிறார். கல்யாண வீட்டு வாசலில் நின்று பேசிவிட்டு வந்த மாதிரி இருக்கிறது. வைத்த பிறகுதான் உன்னிடம் ஒன்றுமே பேசவில்லை என்பது தெரிகிறது. அதனால்தான் காகிதம்.

முதலில் வீட்டுச் செய்தி. குளியலறைக் குழாய் சரியாகிவிட்டது. மாடிப்படி விளக்கு எரியவில்லை. எனக்கு அந்தப் படிகள் மனப்பாடம் என்பதால் மாற்றவில்லை. உன் தொட்டிச் செடிகளில் இரண்டு போய்விட்டன. தண்ணீர் ஊற்றாமல் போகவில்லை, அதிகம் ஊற்றிப் போயின. பொழுது போகாதவன் கையில் செடி கிடைத்தால் அதுதான் கதி. வீட்டில் இப்போது சத்தம் போடுவது இரண்டே பேர்தான். குளிர்சாதனப் பெட்டியும் நானும். அது நடுநடுவே ஓய்வெடுத்துக்கொள்கிறது. நான் கொஞ்ச நாளாக வாய்விட்டுப் பேச ஆரம்பித்திருக்கிறேன். சாவியைத் தேடும்போது, "இங்கதானே வச்சே" என்று என்னையே அதட்டுகிறேன். பதில் சொல்லும் அளவுக்கு இன்னும் முற்றவில்லை.

இப்போது வகுப்புக்கு வருகிறேன். சங்கத்துச் செயலாளர் போன் செய்திருந்தார். "மேடத்தோட பிஸ்டல் ரொம்ப நாளா அலமாரியில தூங்குது சார். யாராவது பொறுப்பு எடுத்துக்கணும், இல்லேன்னா விட்டுடணும்" என்றார். உரிமையாளர் வந்து பார்த்துக்கொள்ளலாம். அல்லது அதே வீட்டிலிருக்கும் ஒருவர் பயிற்சி வகுப்பில் தேறி, பராமரிக்கிறேன் என்று ஏற்றுக்கொள்ளலாம். இரண்டும் இல்லையென்றால் வேறொரு உறுப்பினருக்கு மாற்றிவிட வேண்டும். வாங்கிக்கொள்ள ஒரு பெண் தயாராக இருக்கிறாள் என்றும் சொன்னார்.

உன்னிடம் அப்போதே கேட்டேன். பேத்தியின் பாட்டுக்கு நடுவே நீ சொன்னாய்: "குடுத்துடுங்க. எனக்கு எதுக்கு அது இனிமே."

நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் ஒருவன் முணுமுணுப்பதைத் தனியாகப் பிடிக்கிற காது எனக்கு. 'குடுத்துடுங்க' என்பது அதில் விழவில்லை. 'இனிமே' விழுந்தது. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தேன். பேத்திக்குத் துணையாக ஆறு மாதம் என்று போனாய். அவள் இப்போது முழு நாளும் பள்ளிக்கூடம் போகிறாள் என்று மகள் சொல்கிறாள். இங்கே இது இரண்டாவது மழைக்காலம். நான் எதையும் கேட்கவில்லை. கணக்கில் ஒரு வரி விட்டுப்போயிருந்தால் விடை தப்பு என்று உடனே அடிக்க மாட்டேன், மேலேயிருந்து திரும்பப் போட்டுப் பார்ப்பேன். அப்படித்தான் அடுத்த சனிக்கிழமை சங்கத்துக்குப் போய் வகுப்பில் பெயர் கொடுத்தேன்.

உன் பக்கத்துத் தடத்தில் நின்று சுடுவாளே, உன்னை அக்கா என்று கூப்பிடுவாளே, அவள்தான் இப்போது பயிற்சி தருகிறாள். தபால் நிலையத்தில் முத்திரை குத்திக்கொண்டிருந்தவளுக்குக் கேப்டன் என்று பட்டம் வந்துவிட்டது. எல்லாம் குரலால் வந்தது. என்னைப் பார்த்ததும், "வாங்க வாத்தியாரே, இத்தனை வருஷம் வெளியில பேப்பர் படிச்சிட்டு உக்காந்திருந்தீங்க, இப்பதான் உள்ள வரத் தோணிச்சா" என்றாள். நீ கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அந்தப் பெயரை அவளும் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

வகுப்பில் என்னோடு ஒரு நகைக்கடைக்காரர். கடைக்குத் துப்பாக்கி உரிமம் இருக்கிறது, கைக்குத் தைரியம் இல்லை என்று அவரே சொல்கிறார். இன்னொன்று பல் டாக்டர் பெண். போட்டிகளுக்குப் போக வேண்டும் என்று ஆசை. உன் பிஸ்டலைக் கேட்பவள் அவள்தான். நல்ல பெண். இடைவேளையில் எனக்கும் சேர்த்து டீ வாங்கி வருவாள், சர்க்கரை மட்டும் போட மாட்டாள், பல் கெட்டுவிடுமாம்.

முதல் நாள் பாடம் ஒன்றே ஒன்று. சுட்டுவிரல் எங்கே இருக்க வேண்டும் என்பது. சுடுகிற நொடிவரை விரல் விசைக்கு வெளியே, பக்கவாட்டில், நீட்டிக்கொண்டு இருக்க வேண்டும். என் விரல் கேட்கவில்லை. ஆயுள் முழுக்கச் சாக்பீஸ் பிடித்த விரல், எதைக் கொடுத்தாலும் வளைந்து அழுத்தப் பார்க்கிறது. "விரல் வாத்தியாரே, விரல்" என்று கேப்டன் தொண்டை வற்றக் கத்தினாள். எழுதப் பழகும் பிள்ளையின் விரலை நான் எத்தனை முறை பிடித்து வளைத்திருப்பேன். என் விரலை ஒருத்தி பிடித்து நீட்டிவிட வேண்டியதாயிற்று.

அடுத்தது பராமரிப்பு. எண்ணெய் போடச் சொன்னதும் குழந்தைக்குத் தலையில் வைப்பதுபோல வழிய வழிய வைத்துவிட்டேன். அதிகம் வைத்தால் தூசியைக் கூப்பிட்டு உட்காரவைக்கும் என்று வழித்தெடுக்கச் சொன்னாள். சைக்கிள் சங்கிலிக்கும் அதேதான் என்று நானே எத்தனை தடவை பாடம் நடத்தியிருக்கிறேன். தெரிந்த விஷயம் கைக்கு வர இவ்வளவு நாள் ஆகிறது.

நாங்கள் பழகுவதெல்லாம் சங்கத்துப் பிஸ்டல்களில். உன்னுடையதை இரண்டாவது வாரம்தான் வெளியே எடுத்தார்கள். பொறுப்பு எடுக்கப்போகிறவர் பிடித்துப் பார்க்கட்டும் என்று கேப்டன் கொடுத்தாள். முதலில் திறந்து காலி என்று அவள் பார்த்தாள், பிறகு நான் பார்த்தேன். அந்த மரப்பிடியை நீ சமையலறை மேடையில் உட்கார்ந்து அரம் வைத்துத் தேய்த்துத் தேய்த்து உன் கைக்கு ஏற்றதாகச் செய்த நாட்கள் எனக்கு நினைவிருக்கின்றன. மரத்தூள் பறந்து டீயில் விழுகிறது என்று நான் புகார் சொல்வேன். இப்போது பிடித்தேன். என் கை போகவில்லை. ஒவ்வொரு விரலுக்கும் நீ எடுத்துவைத்த பள்ளம் அப்படியே இருக்கிறது, என் விரல் எதுவும் அதில் உட்காரவில்லை. கட்டைவிரல் மட்டும் அதற்குரிய குழியில் பாதி போய் நின்றது. கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். "போதும் சார், கை வலிக்கும்" என்றாள் பல் டாக்டர். பிறகு அவள் பிடித்துப் பார்த்தாள். அவளுக்குச் சரியாகப் பொருந்தியது. எனக்கு என்னவோ போல் இருந்தது. அவள்மேல் குற்றம் இல்லை. உன்னைப்போலவே சிறிய கை.

இனி எழுதப்போவது கொஞ்சம் வெட்கமான சமாசாரம்.

மூன்றாவது வாரம் சுடும் கோட்டில் நின்றோம். கையில் சங்கத்துப் பிஸ்டல், இரண்டு தோட்டா சுட்டாயிற்று, மீதி உள்ளே இருக்கிறது. காதடைப்பான் என் கண்ணாடிக் காம்பை அழுத்துகிறதென்று ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கிவிட்டிருந்தேன். பின்னாலிருந்து கேப்டன் ஏதோ திருத்தம் சொல்ல, "வாத்தியாரே" என்று கூப்பிட்டாள். நான் திரும்பிவிட்டேன். தலை மட்டும் இல்லை. முழு உடம்போடு, கையில் பிஸ்டலோடு, பெஞ்சில் உட்கார்ந்திருந்த எல்லோரையும் பார்த்து.

கேப்டன் கத்தவில்லை. இரண்டே எட்டில் வந்து என் மணிக்கட்டைப் பிடித்து இலக்குப் பக்கமாகத் திருப்பி, பிஸ்டலை வாங்கி, தோட்டாவை எடுத்துவிட்டு மேசையில் வைத்தாள். அப்புறம்தான் மூச்சு விட்டாள். பல் டாக்டர் சுவரோடு ஒட்டி நின்றாள். நகைக்கடைக்காரரைக் காணவில்லை. பெஞ்சுக்கு அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது: "சார், நான் வீட்டுப்பாடம் எழுதிட்டேன் சார், விட்டுடுங்க." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் முதுகைக் காட்டிக்கொண்டு பதில் சொல்லாத பழக்கம், அதுதான் காரணம் என்று கேப்டனிடம் சொன்னேன். அவளும் நம்பினாள். "அந்தப் பழக்கத்தை வாசல்ல செருப்போட விட்டுட்டு வாங்க. இன்னொரு தடவை திரும்பினீங்கன்னா வகுப்பே கிடையாது, அக்கா வந்து கேட்டாலும் கிடையாது" என்றாள். உன்னிடம் மட்டும் சொல்கிறேன். வகுப்பில் பிள்ளைகள் என்னை எப்போதும் சார் என்றுதான் கூப்பிட்டார்கள். வாத்தியாரே என்று முதுகுக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டது ஒரே ஒருத்திதான்.

நேற்று இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டேன். இன்றைக்குக் காலையில் படித்துப் பார்த்தேன். கிழிக்க வேண்டாம் என்று தோன்றியது, தொடர்கிறேன்.

தண்டனையாக அடுத்த வாரம் எனக்குச் சுடும் கோடு கிடையாது. மற்றவர்கள் சுட, நான் துடைக்கும் மேசையில் உட்கார வேண்டும். பெஞ்சில் ஏற்றிவைப்பதற்குப் பதிலாக இது. கேப்டன் உன் பிஸ்டலைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். "அக்காவோடதைச் சுத்தம் பண்ணுங்க, புண்ணியமாவது கிடைக்கும்" என்றாள். குழலுக்குள் கம்பி விட்டுத் துணி இழுத்தேன். பழைய எண்ணெய் காய்ந்து பிசின்போல வந்தது. மேல்பக்கத்து இரும்பைத் துடைக்கும்போது ஓரிடத்தில் பழுப்பாக ஒரு கறை போகவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டத்தில் பார்த்தேன். கட்டைவிரல் ரேகை. வியர்வை பட்ட கையோடு தொட்டுத் துடைக்காமல் வைத்தால், தொட்ட விரலின் ரேகை அப்படியே துருவாகப் பதிந்துவிடும் என்று கேப்டன் சொன்னாள். நாங்கள் வெளியே எடுக்கும்வரை உன்னைத் தவிர அதை யாரும் தொட்டதில்லை.

"அக்கா துடைக்காம வச்சதே கிடையாது" என்றாள் அவள். "ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, நாங்கல்லாம் கிண்டலே பண்ணுவோம், பிஸ்டலைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டுத்தான் தூங்க வைப்பாங்கன்னு. கடைசியா வந்தாங்களே, அன்னிக்கு மட்டும்தான் அப்படியே பெட்டியில வச்சுட்டுப் போயிட்டாங்க. அன்னிக்கு அவங்களுக்குக் கை அவ்வளவு நடுங்கிச்சு." சொல்லிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: "இப்ப எப்படியிருக்கு சார், நடுக்கம்? அங்க யாராவது நல்ல டாக்டரா பாத்தாங்களா?"

எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டு கேட்கிறாள். தெரியாத கேள்வி வந்தால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பது எந்த ஆசிரியருக்கும் தெரியும். "பரவாயில்லை. பாத்துட்டு இருக்காங்க" என்றேன்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு வாங்கினேன். நீ கலந்துகொள்ள இருந்த போட்டிக்கு முந்தைய வாரங்களில் உன் குறி தவறிக்கொண்டே இருந்ததாம். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று இவளிடம் சத்தியம் வாங்கினாயாம். கடைசி நாள் ஒரு தோட்டா அட்டையைத் தாண்டி மண்மேட்டில் போய் விழுந்ததும், பெட்டியை மூடிவிட்டு, "பொண்ணு கூப்பிட்டுக்கிட்டே இருக்கா, போய் குழந்தையோட இருந்துட்டு வரேன்" என்று கிளம்பினாயாம்.

விட்டுப்போன வரி எது என்று எனக்கு அப்போது தெரிந்தது. நீ புறப்படுவதற்கு முந்தைய மாதங்களில் டம்ளரில் பாதிதான் டீ இருக்கும். சிக்கனமா என்று கேட்பேன், உடம்புக்கு நல்லது என்பாய். கையெழுத்துப் போடும் வேலையெல்லாம் என் பக்கம் தள்ளிவிட்டாய். இப்போது போனைக் கையில் பிடிக்காமல் மேசையில் வைத்துவிட்டுப் பேசுகிறாயே, அதுவும் இதில்தான் சேரும் என்று நினைக்கிறேன். தப்பாக இருந்தால் அடித்துவிடு.

அந்த ரேகையைத் துடைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் விட்டால் துரு உள்ளே இறங்கும், இரும்பைத் தின்னும் என்றாள். எண்ணெய் தொட்டு, மெல்லிய கம்பிப் பஞ்சால் அவள் காட்டியபடி ஒரே திசையில் தேய்த்தேன். போய்விட்டது. போன இடத்தில் இரும்பு கொஞ்சம் வெளுத்திருக்கிறது. உற்றுப் பார்ப்பவர்களுக்கு மட்டும் தெரியும்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து நான் யாரோடும் பேசவில்லை, என்னோடுகூட.

அடுத்த வகுப்பில் மறுபடி கோட்டில் நிற்கவிட்டார்கள். அன்றைய பாடத்தை நீ எத்தனையோ முறை கேட்டிருப்பாய். உன் கணவன் கேட்டது அதுதான் முதல் தடவை. கேப்டன் இலக்கு அட்டையை எடுத்துவிட்டு ஒன்றுமே இல்லாத வெள்ளைத் தாளை மாட்டினாள். தோட்டா இல்லாத பிஸ்டலை நீட்டி அதையே பார்க்கச் சொன்னாள். "கண்ணு குழல் நுனியில இருக்கற குறிமுனையில இருக்கட்டும், தாள் மங்கலாத் தெரிஞ்சா போதும்" என்றாள். பெயர் கூப்பிடும்போது கண் வருகைப் பதிவேட்டில் இருக்கும், பிள்ளைகள் மங்கலாகத் தெரிவார்கள். அப்படி என்று எனக்குப் புரிந்தது. பார்த்தால் குறிமுனை ஆடுகிறது. என்னுடையது ஊஞ்சல்போல. நகைக்கடைக்காரருடையது தட்டாரப்பூச்சிபோல. பல் டாக்டர், "என் கை ஆடாது மேடம், ஆடினா நான் தொழிலே பண்ண முடியாது" என்றாள். கேப்டன் அவள் பின்னால் போய் நின்று, "முனையைப் பாரும்மா" என்றாள். அந்தப் பெண் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் வாயை மூடிக்கொண்டாள். அவளுடையதும் ஆடியது.

அப்போது கேப்டன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பொணத்துக்குத்தான் கை ஆடாது. உயிரோட இருக்கறவங்க எல்லாருக்கும் ஆடும், சாம்பியனுக்கும் ஆடும். நிக்கட்டும் நிக்கட்டும்னு காத்துக்கிட்டு இருந்தா மூச்சுதான் முடியும். நின்ன மாதிரி ஒரு நொடி தோணும், அதைப் பிடிக்கணும்னு வெடுக்குன்னு இழுப்பீங்க, அதுலதான் குறி தப்பும். ஆடட்டும். ஆடறதோட சேத்தே மெதுவா இழுங்க."

நான் கையைத் தாழ்த்திவிட்டு அவளிடம் கேட்டேன்: இதை அக்காவிடம் நீ சொல்லவில்லையா? "எனக்கே இதைச் சொல்லிக் குடுத்தது அவங்கதானே சார்" என்றாள்.

நான் டாக்டர் இல்லை. உனக்கு வந்திருப்பது எல்லோருக்கும் இருக்கும் ஆட்டமா, உடம்பு சொல்லும் வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியாது. காட்ட வேண்டியவரிடம் காட்ட வேண்டும், அதைத் தள்ளிப்போடாதே. மகளுக்குத் தெரியுமா? தெரியாதென்றால் அவளிடம் முதலில் சொல். பயந்துபோவாள் என்று நீ நினைப்பாய். பயப்பட்டால் பயப்படட்டும், பெற்ற தாயின் கையைப் பற்றிப் பயப்பட அவளுக்கு உரிமை இருக்கிறது.

போன வாரம் தேர்வு நடந்தது. பிஸ்டலைக் கழற்றி, துடைத்து, பூட்டி, காலி என்று காட்டிக் கொடுக்க வேண்டும். அதில் குறையொன்றும் இல்லை என்றாள். பிறகு சுட வேண்டும். என் தோட்டாக்களில் பாதி அட்டையில், மீதி மண்மேட்டில். தேறுவதற்கு அது போதுமாம். நடுவில் ஒரு சதி செய்தாள். மூன்றாவது தோட்டாவுக்கும் நான்காவதற்கும் இடையில் பின்னாலிருந்து, "வாத்தியாரே" என்று கூப்பிட்டாள். நான் அசையவில்லை. இன்னும் நீட்டி, வீட்டுக்குள்ளிருந்து கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டாள். அசையவில்லை. விரலை வெளியே எடுத்தேன், தோட்டாவை இறக்கினேன், மேசையில் வைத்தேன், கையை எடுத்தேன். அதற்கப்புறம்தான் திரும்பினேன். நகைக்கடைக்காரர் கைதட்டினார். "இப்பதான் பெஞ்சு மேல நம்பி உக்கார முடியுது" என்றார். எப்படித் திரும்பாமல் நின்றீர்கள் என்று பல் டாக்டர் கேட்டாள். பழகிவிட்டது என்றேன். திரும்பினால் அங்கே யார் இருக்க மாட்டார்கள் என்று தெரிந்துவிட்டால் திரும்பாமல் நிற்பது சுலபம், மகராசி.

ஆக, நான் தேறிவிட்டேன். பொறுப்பை ஏற்றுக்கொள்ள எனக்குத் தகுதி வந்துவிட்டது. ஆனால் பெயர் இன்னும் உன்னுடையதுதான். வைப்பதா கொடுப்பதா என்பதை நீதான் சொல்ல வேண்டும். மாதக் கடைசிக்குள் சொல்லச் சொல்கிறார் செயலாளர். பல் டாக்டரிடம் நானே பேசினேன். ஆசையை மறைக்கத் தெரியாத பெண். "ஆன்ட்டி சொல்லட்டும் சார், நான் காத்துக்கிட்டு இருக்கேன். அவங்களே திரும்ப வந்து சுட்டாங்கன்னா இன்னும் சந்தோஷம், பக்கத்துல நின்னு பாத்துக் கத்துக்குவேன்" என்றாள். உண்மையாகத்தான் சொன்னாள். பிடியை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியை மூடினாள்.

நீ கொடுத்துவிடு என்றால் நான் என் கையாலேயே துடைத்து அவளிடம் கொடுத்துவிடுவேன். அதில் எனக்கு வருத்தம் இருக்காது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கை நடுங்குகிறது என்பதற்காகக் கொடுக்காதே. கை நடுங்குகிறது என்பதற்காக எதையும் விடாதே. இந்த வீட்டில் ஒருத்திக்குக் கை நடுங்கக்கூடாது என்று எங்கே எழுதி ஒட்டியிருக்கிறது? டீ சிந்தினால் துடைத்துக்கொள்கிறேன். இப்போது துடைப்பதில் நான் தேர்ச்சி பெற்றவன்.

வரச்சொல்லி ஒரு வரிகூட எழுதக்கூடாது என்று தீர்மானித்துத்தான் எழுத உட்கார்ந்தேன். இதுவரை எழுதவில்லை. இனியும் எழுதப்போவதில்லை.

மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசிகள். பேத்தியை அணைத்துக்கொள். இந்தக் கடிதத்தை ஸ்பீக்கரில் போட்டுவிடாதே, நீ மட்டும் படி.

படித்து முடித்ததும் ஒன்று செய்து பார். யாரும் இல்லாத அறைக்குப் போய்க் கதவைச் சாத்து. வெறுங்கையைத் தோள் உயரத்துக்கு நீட்டி எதிர்ச்சுவரைப் பார். கை ஆடும். நிற்கும் என்று காத்திருக்காதே. ஆடிக்கொண்டிருக்கும்போதே சுட்டுவிரலை மெதுவாக மடக்கு.

உன்,
வாத்தியார்